மொட்டைக்கு முந்தைய புகைப்படம்

ஏலக்காய் வாசனை ஏறிய அறையில் உலக சினிமா பார்ப்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. போடிநாயக்கனூரில் வியாபாரி ஒருவரின் கிட்டங்கிக்கு மேல்மாடியில் வாசிப்புப் பழக்கம் உள்ள பத்துப் பன்னிரண்டு பேர் அவ்வப்போது கூடுகிறோம். சிறுபத்திரிகைகளைக் கைமாற்றிக்கொள்வது, ஒரு கதையைப் பற்றிப் பேசுவது, வெள்ளைச் சுவரில் ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்ப்பது என்று மாலை கழியும். கீழே காய் ரகம் பிரிக்கும் பெண்களில் இரண்டொருவர் வேலை முடிந்து போகும் வழியில் மேலே வந்து கடைசி வரிசையில் அமர்வதுண்டு. துணையெழுத்துகூட ஆங்கிலத்தில் ஓடும் படங்களில் அவர்களுக்கு என்ன கிடைத்துவிடப்போகிறது என்று முன்பு நினைத்திருக்கிறோம். அது எங்கள் அறியாமை என்பதை இந்தமுறை தெரிந்துகொண்டோம்.

பார்த்த படம் ‘மா வீ ஆன் ரோஸ்’. ‘இளஞ்சிவப்பில் என் வாழ்வு’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அலென் பெர்லினேர் 1997இல் பிரெஞ்சு மொழியில் எடுத்த முதல் முழுநீளப் படம். லூதோவிக் என்னும் ஏழு வயதுச் சிறுவன், தான் ஒரு சிறுமி என்றும், இப்போதைக்குப் பையனாக இருப்பது எப்படியும் சரிசெய்யப்பட்டுவிடும் ஒரு பிழை என்றும் நம்புகிறான். அவனுக்கு அதில் துயரமில்லை, ஐயமும் இல்லை. துயரமும் ஐயமும் அவனைச் சுற்றியிருக்கும் பெரியவர்களுக்குத்தான். 1998இல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான கோல்டன் குளோப் விருது இதற்குக் கிடைத்தது. அதே படத்துக்கு அமெரிக்காவில் கொடுத்த சான்று ‘ஆர்’. அதாவது, பதினேழு வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது. அஞ்சும்படியாகப் படத்தில் நாங்கள் கண்டது ஒரு பாவாடையை மட்டுமே.

இது நகைச்சுவைப் படம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல புறநகர்ப் பகுதி ஒன்றுக்குக் குடிவந்த ஃபாப்ர் குடும்பம் அக்கம்பக்கத்தாரை விருந்துக்கு அழைக்கிறது. தந்தை பியேர் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துகிறார். அக்காளின் இளவரசி உடையும் உதட்டுச்சாயமுமாக லூதோவிக் வாசலில் வந்து நிற்கிறான். மகள்தான் வந்திருக்கிறாள் என்று எண்ணி எல்லோரும் கைதட்டுகிறார்கள். பியேர் சமாளித்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பில்தான் படம் தொடங்குகிறது. எங்கள் அறையிலும் எல்லோரும் சிரித்தோம். சிறுவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. புதிய வேலை, புதிய வீடு, தெருவின் நன்மதிப்பு ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு, எது எப்போது கீழே விழுமோ என்று நடுங்கும் அந்தத் தந்தையைப் பார்த்தல்லவா சிரித்திருக்கிறோம்! பெர்லினேரின் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. காமிராவை எங்கே வைக்க வேண்டும் என்பதைவிட, சிரிப்பை யார் மேல் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குரோமோசோம் பாடத்தை அக்காளிடம் கேட்டுவிட்டு லூதோவிக் ஒரு கோட்பாடு உருவாக்குகிறான். கடவுள் மேலிருந்து போட்ட எக்ஸ்களில் தனக்குரிய ஒன்று தவறிக் குப்பைத்தொட்டியில் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். பக்கத்து வீட்டு ஜெரோமைத் திருமணம் செய்துகொள்ளப்போவதாக அறிவிக்கிறான். ஜெரோமின் தந்தையோ பியேரின் மேலதிகாரி. இறந்துபோன மகளின் அறையில், அவளுடைய உடையில், இரண்டு சிறுவர்கள் கல்யாணம் விளையாடுவதைக் கண்டு ஜெரோமின் தாய் மயங்கி விழுகிறார். பிறகு பள்ளி நாடகம், பெற்றோர்களின் மனு, பள்ளியிலிருந்து நீக்கம், தந்தையின் வேலை பறிபோதல் என்று ஒன்றையடுத்து ஒன்று வருகிறது. படத்தின் வண்ணமும் வெயிலிலிருந்து நீலத்துக்கு மாறிக்கொண்டே போகிறது. இந்த மாற்றத்தில் நம்மைத் தொட்டது வேறொன்று. தொடக்கத்தில் ‘விளையாட்டுத்தானே’ என்று விட்டுக்கொடுக்கும் தாய் ஹன்னா போகப்போகக் கடுமையாகிறார். பதறிய தந்தை மெல்லக் கனிகிறார். நல்ல பெற்றோர், கெட்ட பெற்றோர் என்ற எளிய கணக்கைப் படம் ஏற்கவில்லை. அச்சம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறுகிறது, அவ்வளவே.

ஹன்னா மகனின் முடியைக் கத்தரிக்கும் காட்சியில் அறை அமைதியாகிவிட்டது. பையன் அழுதுகொண்டு தாயையே பார்க்கிறான். ஒரு சொல்லும் பேசவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து ரகம் பிரிக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: “ஏப்பா, அந்தத் தாயிக்குப் புள்ள மேல கோவமில்ல. தெரு மேலதான் கோவம். தெருவ அடிக்க முடியல, அதான் புள்ள முடிய வெட்டுறா.” எங்களில் திரைப்பட விமரிசனம் எழுதும் நண்பர் ஒருவர் உண்டு. அவர் அன்று அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

படம் முடிந்தபின் பேச்சு தவிர்க்க முடியாமல் நம் வீடுகளின் பக்கம் திரும்பியது. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு புகைப்படம் இருக்கும். குலதெய்வக் கோயிலில் மொட்டை போடுவதற்கு முன்னால், இரண்டு மூன்று வயது ஆண்பிள்ளையின் வளர்ந்த முடியைச் சீவிச் சடை பின்னி, பூத் தைத்து, பட்டுப்பாவாடை கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய் எடுத்த படம். அத்தைகளும் சித்திகளும் கூடி நின்று அலங்கரித்திருப்பார்கள். தாய்மாமன் கன்னத்தைக் கிள்ளி, ‘எனக்கே கட்டிக் குடுத்துருக்கா’ என்று அக்காளைக் கேலி செய்திருப்பார். அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டிவைத்த வீடுகள் எத்தனையோ. யாருக்கும் அதில் வெட்கமில்லை. அன்று அறையில் இருந்த ஆண்களில் ஆறு பேருக்கு அப்படியொரு படம் இருக்கிறது, கணக்கெடுத்தோம்.

அதே பிள்ளை எட்டு வயதில் தானாகவே பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டால்? மூன்று வயதில் வீட்டாரெல்லாம் சேர்ந்து செய்த விளையாட்டை எட்டு வயதில் அவன் தனியே செய்கிறான். மாறியது எது? அன்று நாம் அணிவித்தோம், இன்று அவன் விரும்பி அணிகிறான். நம்மை அச்சுறுத்துவது உடையன்று, விருப்பம்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தமிழ்மொழியே இந்த விஷயத்தில் நம்மைவிடத் தாராளமாக இருக்கிறது. ‘குழந்தை தூங்குகிறது’, ‘அது இன்னும் சாப்பிடவில்லை’ என்றுதான் சொல்கிறோம். மகளை ‘வாடா கண்ணு’ என்று கொஞ்சுகிறோம். ‘பொம்பளப் புள்ளைய ஆம்பளப் புள்ள மாதிரி வளர்த்தேன்’ என்று ஒரு தகப்பன் மேடையிலேயே பெருமையாகச் சொல்லலாம், கைதட்டல் கிடைக்கும். அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுச் சொல்லும் தகப்பனை நாம் கண்டதில்லை. பெர்லினேரின் படத்திலும் இறுதியில் கால்சட்டை அணிந்து திரியும் சிறுமி ஒருத்தி வருகிறாள்; லூதோவிக்கை வாட்டியதுபோல அவளை யாரும் வாட்டுவதில்லை. ஏறுவது பெருமை, இறங்குவது அவமானம் என்னும் ஏணிக்கணக்குத்தான் இது. பெண்மையைக் கீழ்ப்படியில் வைத்திருப்பதால்தான் அதை நோக்கி நடக்கும் பையன் விழுந்துவிட்டதாகத் தெரிகிறது.

இனி நம்முடைய சிரிப்புக்கு வருவோம். சிரிப்புக்கும் பெண்வேடத்துக்கும் நம் மரபில் உறவு பழையது. சிலப்பதிகார மாதவி ஆடிய பதினோராடல்களில் ‘பேடு’ என்பதும் ஒன்று. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அதையொத்த பாய்ஸ் கம்பெனிகளும் ஆண்பிள்ளைகளை ஸ்திரீபார்ட்டாக்கியே வள்ளியையும் பவளக்கொடியையும் மேடையேற்றின. அந்தச் சபையில் வளர்ந்த டி. கே. சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து ‘ஔவை சண்முகம்’ ஆனார். அந்தப் பெயரை நினைவூட்டும் தலைப்போடு 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’யைக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். மேடையில் ஓர் ஆண் சேலை கட்டினால் அது கலை. இரண்டரை மணி நேரம் கழித்துக் களைந்துவிடுவான் என்ற உறுதி இருக்கும்வரை.

களையமாட்டான் என்றானபோது நம் படங்கள் என்ன செய்தன? 2011இல் வந்த ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’வை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த மகன் திடீரென்று வளையலும் சேலையுமாக நடமாடுவதைக் கண்டு தாயும் அண்ணியும் மிரளும் காட்சிகளில் கோவை சரளா அரங்கையே குலுக்கினார். தமிழில் ஒரு பெற்றோரின் இந்த அச்சத்தை நகைச்சுவையாக்கிய படங்களில் மிக அதிகம் பேர் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் மகனுக்குள் இருப்பது ஆவி என்று படம் சொல்லிவிடுகிறது. ஆவி போனால் மகன் திரும்பிவிடுவான், தாய்க்கு நிம்மதி. அதே படத்தில், பெற்ற தந்தையே துரத்திவிட்ட காஞ்சனாவை ஓர் இஸ்லாமியப் பெரியவர் மகளாக ஏற்கும் பகுதி உண்மையாகவே நெகிழ்த்துகிறது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் அது அழுகைக்கென ஒதுக்கிய பகுதி. சிரிப்பதற்கு ஒருவர், இரங்குவதற்கு இன்னொருவர் என்று படமே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கேரளம். அங்கே 2005இல் லால் ஜோஸ் இயக்கத்தில் திலீப் நடித்த ‘சாந்துபொட்டு’ வந்தது. பேத்தி வேண்டும் என்று ஏங்கிய பாட்டி பேரனைப் பெண்பிள்ளையாகவே வளர்த்துவிடுவதுதான் கதை. எங்கள் பேசுபொருளுக்கு இதைவிட அருகில் வரும் கதை இல்லை. ஆனால் படம் கண்ட தீர்வு, அவன் ஒருநாள் ‘ஆணாகிவிடுவது’. படம் ஓடி முடிந்தபின் அதன் தலைப்பு கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு வசவாகத் தங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து, அந்தச் சொல்லால் துன்பப்பட்ட ஒருவரிடம் நடிகை பார்வதி திரைத்துறையின் சார்பில் பொதுவெளியில் மன்னிப்புக் கேட்டார். ஒரு நகைச்சுவைப் படம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2019இல் வெளிவந்த தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ இவற்றிலிருந்து விலகி நிற்பது. ஆண்டுகள் பல கழித்து வீடு திரும்பும் தகப்பன் ஷில்பா என்னும் திருநங்கையாக வந்து இறங்கும்போது உறவினர் கூட்டம் உறைந்துபோகிறது. சிறுவன் ராசுக்குட்டி மட்டும் ஒரு நொடியும் தயங்குவதில்லை. அவன் கேட்கும் கேள்விகளில் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்பில் நஞ்சு இல்லை. ஷில்பாவின் பழைய வாழ்க்கையாகப் படம் காட்டும் சில செய்திகளைத் திருநங்கையர் கடுமையாக விமரிசித்தனர். அது நியாயமான விமரிசனம் என்றே நினைக்கிறோம். இருந்தாலும் ஒரு குழந்தை தன் பெற்றோரை எவ்வளவு இயல்பாக ஏற்கிறது என்பதைத் தமிழ்ப்படம் ஒன்று காட்டிவிட்டது. எதிர்த்திசையில், பெற்றோர் குழந்தையை ஏற்கும் படம்தான் இன்னும் வரவில்லை.

ஏன் நகைச்சுவை? சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ போதாதா, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவை நம் காலத்தின் மிக முக்கியமான நூல்கள். ஆனால் அவற்றை ஒரு தகப்பன் படித்தால் என்ன நடக்கும்? தன் பிள்ளைக்கு முன்னால் இருப்பது அவமானமும் அடியும் ஓட்டமும்தான் என்று இன்னும் கூடுதலாக அஞ்சுவான். அந்த அச்சத்தில் அவனே முதல் அடியை அடிப்பான். துயரக்கதை பிள்ளையின் பக்கம் நின்று உலகத்திடம் பேசுகிறது. பெற்றவர்களோடு பேச வேறொரு குரல் வேண்டியிருக்கிறது. தன் பதற்றம் எவ்வளவு பொருளற்றது என்று தானே பார்த்துச் சிரிக்கிற நிமிடத்தில் மனிதன் கொஞ்சம் இளகுகிறான். கி.ரா.வின் ‘கோமதி’யில் கரிசல் வீட்டுச் சமையல்காரரைச் சுற்றி எழும் சிரிப்பு நமக்கு முன்னமே இருக்கிறது. அதைத் தொடர்ந்து செல்ல ஆளில்லை.

இதை எழுதும் தகுதி எங்களுக்கு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்களில் நால்வர் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். 1990களில் அந்தத் தெருவில் ஒரு பையன் இருந்தான். பள்ளி விடுமுறை நாட்களில் தாயோடு விடியற்காலை ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போவான். செடியின் தூரில் குனிந்து காய் எடுப்பதில் அவன் கை வேகத்தைப் பெண்களே வியப்பார்கள் என்று பின்னாளில் கேள்விப்பட்டோம். மலையில் அவனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பெண்களின் நிரையிலேயே நின்றான், அவர்களின் பாட்டைப் பாடினான், அவர்கள் கிள்ளிக் கொடுத்த பூவைக் காதில் செருகிக்கொண்டான். தொல்லை எல்லாம் சாயங்காலம் ஜீப் அடிவாரம் வந்து சேரும்போது தொடங்கும். இறங்குமிடத்துக்கு எதிரே டீக்கடை. அங்கே நாங்கள் நிற்போம்.

அவனுடைய நடையைப் போல நடந்து காட்டுவதில் எங்களில் ஒருவன் கெட்டிக்காரன். பெரியவர்கள்கூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். அவன் தாய் தலையைக் குனிந்துகொண்டு விரைந்து நடப்பார். சில நாட்களில் நடந்துகொண்டே அவன் முதுகில் ஒன்று வைப்பார். கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள், வேப்பிலையால் அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். ‘காஞ்சனா’ பிற்காலத்தில் கண்டுபிடித்த காரணத்தை எங்கள் தெரு அப்போதே கண்டுபிடித்திருந்தது. பதினாறு வயதில் ஒரு நாள் அவன் மலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. பம்பாய் என்றார்கள், பெங்களூர் என்றார்கள். 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், திருநர் என்ற காரணத்துக்காக ஒரு குழந்தையை நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றது. அந்தப் பையனை யாரும் பிரிக்கவில்லை. டீக்கடையில் நாங்கள் சிரித்தோம், அவன் போய்விட்டான்.

ஹன்னா முடி வெட்டும் காட்சிக்கு அந்த அக்கா சொன்ன சொல் எங்கள் நால்வரையும் ஏன் அப்படித் தைத்தது என்று இப்போது வாசகர்களுக்குப் புரியும். அந்தத் தெரு நாங்கள்தான்.

சுயேச்சையான படம் ஒன்றை இந்த மலையடிவாரத்தில் எடுக்க முடியும் என்பதற்கு 2018இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யே சாட்சி. ஒரு துண்டு நிலத்துக்காகச் சுமை தூக்கி மலையேறும் ரெங்கசாமியை, நட்சத்திரப் பகட்டு எதுவுமின்றி, உள்ளூர் முகங்களைக் கொண்டே அது நிறுத்திக் காட்டியது. அப்படியொரு மண்ணில் ஒரு ஜீப் டிரைவர் தகப்பன் இருக்கட்டும். பதினேழு வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்புகிறவன், மகனின் கொலுசுச் சத்தத்துக்குத் தடுமாறட்டும். ஸ்பெஷல் நாடகங்களில் ஒருகாலத்தில் வள்ளியாக வேடங்கட்டிய தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, பேரனுக்குக் கொசுவம் வைக்கத் தெரியவில்லையே என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்ளட்டும். அக்காள் கல்யாணம் நின்றுபோகுமோ என்று பெண் பார்க்க வருகிற நாளில் பையனைப் பரண்மேல் ஒளித்துவைக்கட்டும். நம் ஊர்க் குடும்பத்தின் முதல் பயம் எப்போதும் அந்தக் கல்யாணம்தானே. சாதிசனம் என்ன சொல்லும் என்பதும் அதற்குள் அடக்கம். பெர்லினேரின் புறநகருக்கு இல்லாத சிக்கல்கள் நம்மிடம் உண்டு, சிரிப்புக்கான இடங்களும் கூடுதல்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அந்தக் குழந்தை வளர்ந்து யாராகும் என்று படம் சொல்லிவிடக் கூடாது. லூதோவிக் திருநங்கையாவானா, வேறெதுவும் ஆவானா என்று பெர்லினேர் சொல்வதில்லை. நீ என்ன செய்தாலும் என் பிள்ளைதான் என்ற அளவில் பெற்றோரை நிறுத்திக்கொள்கிறார். உண்மையில் அந்த முடிவும் சற்று அவசரமானது. தாய் விளம்பரப் பலகையின் கனவுலகத்துக்குள் விழுந்து எழுந்தவுடன் மனம் மாறிவிடுகிறார். நம்மூர்த் தாய்க்கு அவ்வளவு சுலபத்தில் கனவு வராது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இரு இளம்பெண்களின் வழக்கில் 2021 ஜூன் மாதம் தீர்ப்பெழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கே புரிதல் போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டபின்தான் எழுதினார். பெண்களின் பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். கருப்பு அங்கி அணிந்த ஒருவர் ‘எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்’ என்று உட்கார்ந்த காட்சியையும் யாராவது படமாக்கலாம்.

அந்த அக்காவுக்காக இன்னொருமுறை திரையிட எண்ணியிருக்கிறோம். இம்முறை உரையாடல்களைத் தமிழில் எழுதி ஓடவிட வேண்டும் என்று இருவர் வேலையை ஏற்றிருக்கிறார்கள். பாதிக்குமேல் முடிந்துவிட்டது. லூதோவிக்கின் வீட்டு முகப்பில் அக்கம்பக்கத்தார் இரவில் வந்து எழுதிவிட்டுப் போகும் வசவு ஒன்று இருக்கிறது. ஓர் எண்ணையே வசவாக்கிய மொழி நம்முடையது, பொருத்தமான சொல்லுக்குப் பஞ்சமில்லை. டீக்கடையில் நடந்து காட்டிய நண்பர்தான் அந்தப் பகுதியை மொழிபெயர்க்கிறார். மற்ற வரிகளையெல்லாம் அனுப்பிவிட்டார், அந்த ஒரு வரி மட்டும் இன்னும் வரவில்லை.